பழைய ஐரோப்பியத் திகில் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

1950-களின் பிற்பகுதியிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகளில் சின்ன பட்ஜெட்டில் எடுத்த திகில் படங்கள். ரத்தக்காட்டேரி, சூனியக்காரி, கருப்புக் கையுறை போட்ட கொலைகாரன், கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணம் எல்லாம் உண்டு. ரத்தத்தையும் நிர்வாணத்தையும் காட்டி டிக்கெட் விற்ற 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' படங்களும் இதில் சேர்த்தி. அதனால் இந்தப் பக்கம் பெரியவர்களுக்கு மட்டும்.

1957-ஐத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் ஃபிராங்கன்ஸ்டைன் கதையை வண்ணத்தில் எடுத்தது. மறு ஆண்டே கிறிஸ்டோபர் லீ நடித்த டிராகுலா வந்தது. அதே 1957-ல் இத்தாலியில் 'இ வம்பீரி' வந்தது. இயக்குநர் ரிக்கார்தோ ஃப்ரெதா தயாரிப்பாளர்களோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் கிளம்பிவிட, மீதியை ஒளிப்பதிவாளர் முடித்துக் கொடுத்தார். அந்த ஒளிப்பதிவாளர்தான் மரியோ பாவா. கீழே அவர் பெயர் அடிக்கடி வரும்.

இவ்வளவு பழைய, மலிவான படங்களில் ரசிக்க என்ன இருக்கிறது?

எனக்கு முதலில் கை வேலை. காசு இல்லாத இடத்தில் ஒளியையும் நிறத்தையும் வைத்து என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்ப இவற்றிடம் போகிறேன்.

'இ வம்பீரி'யிலேயே ஒரு காட்சி இருக்கிறது. இளமையாக நிற்கிற சீமாட்டியின் முகம், இடையில் ஒரு வெட்டும் இல்லாமல், நம் கண்ணெதிரே கிழவியின் முகமாக மாறுகிறது. கணினி கிடையாது, இரட்டைப் பதிவும் கிடையாது. முகச் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்து, சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கருப்பு வெள்ளைப் படச்சுருளில் அந்தக் கோடுகள் தெரியாது. சிவப்பு ஒளியைக் குறைத்துக்கொண்டே வேறு நிற ஒளியை ஏற்றினால், அதே கோடுகள் கருத்துக்கொண்டு மேலே வரும். நடிகை சும்மா நின்றால் போதும், விளக்கு அவரை முதுமையாக்கிவிடும்.

பாவாவின் அப்பா எவ்ஜெனியோ ஒரு சிற்பி. சினிமாவில் தந்திரக் காட்சிகள் எடுப்பவராகவும் இருந்தார். அந்தப் பட்டறையில் வளர்ந்த பிள்ளை மரியோ. 1965-ல் 'பிளானட் ஆஃப் த வாம்பயர்ஸ்' என்று ஒரு விண்வெளிப் படம் எடுத்தார். அதில் வருகிற முழுக் கிரகமும் ஒன்றிரண்டு பிளாஸ்டிக் பாறைகள், கண்ணாடிகள், புகை, வண்ண விளக்குகள். அவ்வளவுதான். தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தாலும் அது கிரகமாகத்தான் தெரிகிறது.

முதல் படமாக எதைப் பார்க்கலாம்?

பாவா தன் பெயரில் இயக்கிய முதல் படமான 'பிளாக் சண்டே', 1960. கருப்பு வெள்ளை. தொடக்கத்திலேயே ஒரு சூனியக்காரியைக் கட்டி வைத்து, உள்பக்கம் முட்கள் வைத்த உலோக முகமூடி ஒன்றை அவள் முகத்தில் பொருத்துகிறார்கள். பொருத்துவதற்கு முன் அந்த முகமூடியின் உட்புறம் கேமராவை நோக்கி வருகிறது. முட்கள் நம் கண்ணை நோக்கி வருகின்றன. அடுத்து ஒரு பெரிய சுத்தியல். இந்தப் படத்தை பிரிட்டனில் 1968 வரை திரையிட விடவில்லை. சூனியக்காரியாகவும் அவள் வம்சத்தில் வந்த இளம்பெண்ணாகவும் இரட்டை வேடம் போட்டவர் பார்பரா ஸ்டீல். அகன்ற கண்கள், கூர்மையான கன்ன எலும்புகள். ஒரே முகத்தை அப்பாவியாகவும் கொடூரமாகவும் மாற்றிக் காட்டுகிறார்.

கருப்பு வெள்ளை ஒத்துவராது என்றால் நேராக டாரியோ அர்ஜெந்தோ இயக்கிய 1977-ன் 'சஸ்பீரியா'வுக்குப் போங்கள். ரத்தம் குறைவாக, சோகம் அதிகமாக வேண்டும் என்பவர்களுக்கு ஜார்ஜ் ஃபிரான்ஜுவின் 'ஐஸ் விதவுட் எ ஃபேஸ்', 1960, பிரான்ஸ். விபத்தில் முகம் சிதைந்த மகளுக்கு வேறு பெண்களின் முகத்தை எடுத்துப் பொருத்தப் பார்க்கிற மருத்துவரின் கதை. மகளாக வரும் எடித் ஸ்காப் பெரும்பாலும் வெள்ளை முகமூடிக்குப் பின்னால்தான் இருக்கிறார். கண்கள் மட்டும் நடிக்கின்றன. அதில் மருத்துவருக்கு உதவியாளராக வரும் அலிடா வல்லியை 'சஸ்பீரியா'விலும் பார்ப்பீர்கள், நடனப் பள்ளியின் கண்டிப்பான ஆசிரியையாக.

'ஜல்லோ' என்கிறார்களே, அது என்ன?

இத்தாலிய மொழியில் மஞ்சள் நிறம். மொந்ததோரி பதிப்பகம் 1929-ல் மஞ்சள் அட்டை போட்டுத் துப்பறியும் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. நாளடைவில் மர்மக் கதைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தாலியர்களுக்கு எந்தத் துப்பறியும் கதையும் ஜல்லோதான். வெளிநாட்டு ரசிகர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஒரு குறிப்பிட்ட வகை இத்தாலியப் படத்தைச் சொல்கிறார்கள்: முகம் தெரியாத கொலைகாரன், கையுறை, கத்தி, அழகான வீடுகள், தற்செயலாகக் கொலையைப் பார்த்துவிட்டு தானே துப்பறியக் கிளம்பும் ஒருவர்.

இந்த வகையின் தோற்றத்தை நிர்ணயித்தது பாவாவின் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்', 1964. ஒரு ஃபேஷன் நிறுவனத்தில் மாடல்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். பெயர்கள் ஓடும்போதே நடிகர்கள் துணிக்கடைப் பொம்மைகளின் பக்கத்தில், பொம்மை போலவே அசையாமல் நிற்கிறார்கள்.

வசூலில் அலையைக் கிளப்பியவர் டாரியோ அர்ஜெந்தோ, 1970-ல், 'த பேர்டு வித் த கிரிஸ்டல் புளூமேஜ்' மூலம். ரோமில் தங்கியிருக்கிற ஓர் அமெரிக்க எழுத்தாளர் இரவில் நடந்து போகிறார். ஓவியக் கூடத்துக்குள் ஒரு பெண் கத்திக்குத்துப் படுவதைப் பார்த்து ஓடுகிறார். ஒரு கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அது மூடிக்கொள்கிறது, உள் கதவு திறக்கவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, உதவவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் நிற்கிறார். சத்தம் வெளியே கேட்காது. அன்று அவர் பார்த்ததில் ஏதோ ஒன்று சரியில்லை என்ற நினைப்பு படம் முழுக்க அவரை அரிக்கிறது. நாமும் அதையேதான் பார்த்தோம். முடிவு தெரிந்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

உதடும் பேச்சும் ஒட்டவே இல்லை. இத்தாலிய மொழியில் பார்க்க வேண்டுமா, ஆங்கிலத்திலா?

அந்தக் கால இத்தாலியில் படப்பிடிப்பின்போது இறுதி ஒலியைப் பதிவு செய்யும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எல்லாம் பிறகு டப்பிங். பல நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு என்பதால் ஒரே காட்சியில் ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் இத்தாலிய மொழியிலும் பேசுவதும் சகஜம். ஆகவே 'அசல் மொழி' என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. 'பிளாக் சண்டே'யின் ஆங்கிலப் பதிப்பில்கூட பார்பரா ஸ்டீலின் சொந்தக் குரல் கிடையாது.

என் வழக்கம் இது: முக்கிய நடிகர்கள் எந்த மொழியில் வாயசைக்கிறார்கள் என்று முதல் பத்து நிமிடம் பார்ப்பேன், அந்த மொழியிலேயே தொடர்வேன். 'சஸ்பீரியா'வுக்கு ஆங்கிலம் நன்றாக இருக்கும். நாயகியாக வரும் ஜெசிகா ஹார்ப்பர் பேசியது ஆங்கிலம்தான். அறுபதுகளின் பாவா படங்களுக்கு இத்தாலிய ஒலியும் சப்டைட்டிலும் நல்லது. ஆங்கில டப்பிங்குகள் பலவும் அவசரமாகச் செய்தவை.

ஒரே படத்துக்கு ஏன் நாலைந்து பெயர்? நீளமும் மாறுகிறதே?

ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரும் தன் ஊரில் எது விற்குமோ அப்படிப் பெயர் வைத்தார், வெட்டினார், சில சமயம் இசையையே மாற்றினார். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரோமெரோவின் 'டான் ஆஃப் த டெட்' இத்தாலியில் 'ஸோம்பி' என்ற பெயரில் ஓடியது. அதனால் லூச்சியோ ஃபுல்ச்சி 1979-ல் எடுத்த, அதோடு கதைத் தொடர்பே இல்லாத படம் அங்கே 'ஸோம்பி 2' ஆனது. அமெரிக்காவில் அது வெறும் 'ஸோம்பி', பிரிட்டனில் 'ஸோம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. மூன்றும் ஒரே படம். கடலுக்கடியில் பிணமும் சுறாவும் மோதுகிற காட்சி வருவது இதில்தான்.

அர்ஜெந்தோவின் 'டீப் ரெட்' 1975-ல் வந்தது. இத்தாலியப் பதிப்பைவிட வெளிநாட்டுக்குப் போன ஆங்கிலப் பதிப்பு சுமார் 20 நிமிடம் குறைவு. போனதில் பெரும்பகுதி கொலைக் காட்சிகள் அல்ல. டேவிட் ஹெம்மிங்ஸும் டாரியா நிகோலோதியும் சீண்டிக்கொள்ளும் இடங்கள்தான் போயின. அவை இல்லாமல் பார்த்தால் அந்த இருவர்மேல் நமக்குப் பிடிப்பே வராது. முழு நீளத்தைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் பார்த்தால் இடையிடையே இத்தாலிய மொழிக்குத் தாவும். அந்த இடங்களுக்கு ஆங்கில ஒலி இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய ஐரோப்பிய டிவிடிகள் விநாடிக்கு 24 சட்டங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) பதில் 25 சட்டங்கள் ஓட்டும். 100 நிமிடப் படம் அதில் 96 நிமிடம்தான் காட்டும். அதைப் பார்த்து 'வெட்டிவிட்டார்கள்' என்று பதற வேண்டாம்.

இத்தாலிய இயக்குநர்களுக்கு ஏன் ஆங்கிலப் பெயர்?

திகில் படம் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று உள்ளூர் ரசிகர்கள் நினைத்தார்கள். அதனால் ஃப்ரெதா 'ராபர்ட் ஹாம்ப்டன்' ஆனார், அந்தோனியோ மர்கெரித்தி 'ஆந்தனி டாசன்' ஆனார், பாவா 'ஜான் எம். ஓல்டு' ஆனார்.

கதை எனக்குப் புரியவே இல்லை. நான் எதையாவது தவறவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. பல படங்களில் கதை ஒரு கயிறு. அதில் காட்சிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 'சஸ்பீரியா'வின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: ஜெர்மனியில் ஒரு நடனப் பள்ளிக்கு அமெரிக்கப் பெண் படிக்க வருகிறாள், பள்ளியை நடத்துபவர்கள் சூனியக்காரிகள். அந்தப் படத்தின் முதல் சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிறாள். உள்ளே சாதாரணச் சத்தம். எதிரே தானியங்கிக் கதவு திறக்கிறது, வெளியிலிருந்து காற்றோடு ஓர் இசைத் துணுக்கு உள்ளே வருகிறது. கதவு மூடுகிறது, இசை நின்றுவிடுகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி அதே இசை. அதாவது அந்த இசை வெளியே, மழையில், அவளுக்காகக் காத்திருக்கிறது. கதவின் இயந்திரப் பாகம் நகர்வதை அர்ஜெந்தோ தனியாக அண்மைக் காட்சியில் காட்டுகிறார். பேய் எதுவும் இன்னும் வரவில்லை. ஒரு விமான நிலையக் கதவு, அவ்வளவுதான், வயிறு சில்லிட்டுப் போகிறது.

அர்ஜெந்தோ அந்தக் கதையை முதலில் சிறுமிகளை வைத்துத்தான் யோசித்திருந்தார். நடிக்க வந்தவர்கள் பெரியவர்கள் என்றானதும், கதவுக் கைப்பிடிகளை உயரமாக வைத்தார்கள், அந்தப் பெண்கள் குழந்தைகள் போலத் தெரிய. இப்படிப்பட்ட விஷயங்களில் கண்ணை வையுங்கள். 'ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் படம் கையிலிருந்து நழுவிவிடும்.

நிறங்கள் ஏன் இப்படிக் கொட்டுகின்றன?

வேண்டுமென்றேதான். 'சஸ்பீரியா'வின் ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவோலி, சக்திவாய்ந்த விளக்குகளுக்கு முன்னால் வண்ணத் துணிகளைச் சட்டம் போட்டுக் கட்டி, நடிகர்களுக்கு மிக அருகில் வைத்தார். அப்புறம் பிரிண்டுகளைப் பழைய டெக்னிக்கலர் சாயமுறையில் போட்டார்கள், வழக்கொழிந்துகொண்டிருந்த முறை அது. ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது என்று பலர் குறை சொல்கிறார்கள். அந்தச் சுவர்களுக்கும் அந்த விளக்குகளுக்கும் நிஜ ரத்தத்தின் நிறம் வெளிறிப்போயிருக்கும்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது மங்கிப்போன ஒரு பிரதியில். சிவப்பெல்லாம் செங்கல் நிறம். சுமாரான படம் என்று முடிவு கட்டி, சில ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டும் இருந்தேன். சீரமைத்த பிரதியைப் பார்த்த இரவு அந்த முடிவு போய்விட்டது.

படம் ஏன் இவ்வளவு பொரிப்பொரியாக இருக்கிறது?

பல இத்தாலியப் படங்கள் டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தவை. வழக்கமான 35 மி.மீ. சட்டம், சுருளின் ஓரத்தில் இருக்கும் துளைகளில் அளந்தால், நான்கு துளை உயரம். டெக்னிஸ்கோப்பில் இரண்டு துளைதான். ஒரே சுருளில் இரண்டு மடங்கு நேரம் எடுக்கலாம், அகலத்திரையும் கிடைக்கும். ஆனால் சின்னச் சட்டத்தைப் பெரிதாக்கும்போது மணல்போலப் புள்ளிகள் தெரியும். அது படத்தின் தோல். மெழுகு மாதிரி வழவழப்பாக இருந்தால்தான் பிரதியைக் கெடுத்துவிட்டார்கள் என்று பொருள். டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

இசையை மட்டும் தனியாகக் கேட்கலாமா?

தாராளமாக. அர்ஜெந்தோவின் முதல் மூன்று படங்களுக்கு எனியோ மொரிகோனே இசையமைத்தார். தாலாட்டுப் போன்ற மெட்டுக்குப் பக்கத்திலேயே சுருதி உடைந்த ஓசைகளை வைத்திருப்பார். 'டீப் ரெட்'டிலிருந்து காப்ளின் என்ற ராக் குழு சேர்ந்தது. 'சஸ்பீரியா' படப்பிடிப்பின்போதே இசையை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடிக்க வைத்தார்கள். ஃபுல்ச்சியின் படங்களுக்கு ஃபாபியோ ஃப்ரித்சியைக் கேளுங்கள்.

ஸ்பெயினில் சர்வாதிகாரம் இருந்ததே, அங்கே எப்படி இவற்றை எடுத்தார்கள்?

தணிக்கையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பளுதூக்கும் வீரராக இருந்து நடிகரான ஹசிந்தோ மொலினா, 'பால் நாஷி' என்ற பெயரில் 1968 முதல் ஓநாய் மனிதனாக நடித்தார். ஸ்பானியர் ஒருவர் ஓநாய் மனிதனாக இருப்பதைத் தணிக்கை ஏற்காது. அதனால் அந்தப் பாத்திரம் வால்டெமார் டானின்ஸ்கி என்ற போலந்துக்காரர் ஆனது. ஒரே காட்சியை இரண்டு முறை எடுப்பதும் நடந்தது. உள்நாட்டுக்கு உடையோடு ஒன்று, ஏற்றுமதிக்கு உடையில்லாமல் ஒன்று.

நான் கைகாட்டுவது அமாந்தோ தெ ஒஸ்ஸோரியோவின் 'டூம்ப்ஸ் ஆஃப் த பிளைண்ட் டெட்', 1972. கல்லறையிலிருந்து எழும் டெம்ப்ளர் வீரர்களுக்கு, அதாவது இடைக்காலக் கிறிஸ்தவப் போர்வீரர்களுக்கு, கண் கிடையாது. சத்தத்தை வைத்துத்தான் வேட்டையாடுவார்கள். மூச்சை அடக்கினாலும் இதயத் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள் குதிரையேறி வருவது மெதுவோட்டத்தில், அந்தோன் கார்சியா அப்ரிலின் முனகும் இசையோடு. அவ்வளவு மெதுவாக வருபவர்களிடமிருந்து தப்ப முடியவில்லையே என்பதுதான் அங்கே பயம்.

ஜெஸ் ஃபிராங்கோ, ழான் ரோலான் இருவரையும் எங்கே தொடங்குவது?

ஸ்பானிய இயக்குநர் ஃபிராங்கோ 150 படங்களுக்கு மேல் எடுத்தவர். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. 1962-ன் 'த ஆஃபுல் டாக்டர் ஆர்லோஃப்', பிறகு சோலெதாத் மிராண்டா நடித்த 'வாம்பைரோஸ் லெஸ்போஸ்', 1971. மிராண்டா அந்தப் படம் வெளியாகும் முன்பே, 27 வயதில், போர்ச்சுகலில் கார் விபத்தில் இறந்துபோனார். ஃபிராங்கோவின் ஜூம் பழக்கம் முதலில் எரிச்சல் தரும். ஜாஸ் வாசித்தவர் அவர். கேமராவையும் அப்படியே மனம் போன போக்கில் வாசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டால் கொஞ்சம் பழகும். எனக்கு இன்னும் முழுக்கப் பழகவில்லை.

ரோலான் வேறு ஆள். பிரான்சின் தியெப் நகருக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் கடற்கரைக்கு மறுபடி மறுபடி போய்ப் படமெடுத்தார். 'த ஐயன் ரோஸ்', 1973: ஒரு ஆணும் பெண்ணும் கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறார்கள், இருட்டிவிடுகிறது, வெளியே வரும் வழி தெரியவில்லை. கிட்டத்தட்ட அவ்வளவுதான் படம். பொறுமையோடு பார்த்தால் கவிதை.

பெண்களைக் கொல்வதை அழகாகக் காட்டும் படங்களை ரசிப்பது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' பெண்களின் சாவை நகைக்கடை விளக்கில் வைத்துக் காட்டுகிறது. அதை மறுக்க முடியாது. ஒளியை நான் ரசிக்கிறேன், கேமரா எங்கே தேவையில்லாமல் தங்குகிறது என்பதையும் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். சில படங்களை நான் நிறுத்திவிட்டு எழுந்திருக்கிறேன், வன்புணர்வை வேடிக்கைக் காட்சியாக்கும்போது. அதற்கு நேர்மாறாக ஹாரி கியூமெலின் 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்', 1971, இருக்கிறது. பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டில், ஆளில்லாத ஒரு கடற்கரை ஹோட்டல், புதுமணத் தம்பதி, டெல்ஃபின் செய்ரிக் நடித்த சீமாட்டி. அங்கே நிஜமான கொடுமை கணவனிடம் இருக்கிறது.

நிஜமாகவே உயிர்கள் பலியானதா?

மனிதர்கள் இல்லை. ஃபுல்ச்சியின் 1971 படம் 'எ லிசர்ட் இன் எ வுமன்ஸ் ஸ்கின்'னில் வயிறு கிழிந்த நாய்கள் வரும். நிஜ நாய்கள் என்று வழக்கே வந்தது. பொம்மைகளைச் செய்த கார்லோ ரம்பால்தி அவற்றையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பிற்காலத்தில் 'ஈ.டி.'க்காக ஆஸ்கர் வாங்கியவர் இவர்தான். ஆனால் ருஜெரோ தியோதாத்தோவின் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்', 1980, வேறு கதை. நடிகர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. விலங்குகளையோ கேமரா முன் நிஜமாகவே கொன்றார்கள். அந்தப் படத்தை யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

'வீடியோ நாஸ்டி' என்பது?

1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வீடியோ கேசட்டுகள் தணிக்கை இல்லாமல் வந்தன, பத்திரிகைகள் கொதித்தன. அரசு வழக்குத் துறை வைத்திருந்த பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. 39 படங்கள்மீது வழக்கு வென்றது. 1984-ல் வீடியோ சட்டம் வந்தது. பாவா, அர்ஜெந்தோ, ஃபுல்ச்சி மூவரின் படங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பட்டியலையே பார்க்க வேண்டிய படங்களின் வரிசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் மோசமானவையும் நிறைய.

இரவில் தனியாகப் பார்க்க ஒன்று சொல்லுங்கள்.

மூன்று தனிக் கதைகள் சேர்ந்த பாவாவின் 'பிளாக் சபாத்', 1963, அதிலும் 'த டிராப் ஆஃப் வாட்டர்' கதை. இறந்துபோன ஒரு மூதாட்டியின் உடலுக்கு ஆடை உடுத்த ஒரு செவிலி போகிறாள். பிணத்தின் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றி எடுத்துக்கொள்கிறாள். ஓர் ஈ வந்து உட்காருகிறது. வீடு திரும்பிய பின் எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. குழாயை மூடுகிறாள், வேறெங்கோ சொட்டுகிறது. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் அறையை விட்டுவிட்டு நிறம் மாற்றுகிறது. பிணமாக வருவது ஒரு பொம்மை என்று பார்த்தவுடன் தெரியும். அதன் முகத்தில் இருக்கும் சிரிப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பதிப்பை மட்டும் பார்த்து எடுங்கள். அமெரிக்க விநியோகஸ்தர்கள் கதைகளின் வரிசையை மாற்றி, இசையை மாற்றி, மூன்றில் ஒன்றான தொலைபேசிக் கதையைப் பேய்க் கதையாகவே ஆக்கிவிட்டார்கள். முடிவையும் எடுத்துவிட்டார்கள். இத்தாலியப் பதிப்பின் கடைசியில், கதைகளை அறிமுகப்படுத்தும் நடிகர் போரிஸ் கார்லாஃப் குதிரையில் விரைந்தபடி நம்மைப் பார்த்துப் பேசுவார், கேமரா பின்வாங்கும்: அது பொம்மைக் குதிரை, மரங்கள் ஓடுவதுபோலத் தெரிய ஆட்கள் கிளைகளைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கிளைக்காரர்கள் வந்தால் நீங்கள் சரியான பிரதியைப் பார்த்திருக்கிறீர்கள்.